பயிரின் பாக்டீரியா நோய் எதிர்ப்பில் சிறு ஆர்என்ஏக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவர நோய்களைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களில் மாணவர்களும் பயிர் வளர்ப்பவர்களும் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படையில் தொடங்கிப் போகப் போகச் சிக்கலாகும். முதல் மூன்று பதில்களைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குச் செல்வது நல்லது. பின்னால் வருபவை அவற்றை நம்பியே நிற்கின்றன.

1. சிறு ஆர்என்ஏ என்றால் என்ன? எவ்வளவு சிறியது?

டிஎன்ஏவில் இருக்கும் செய்தியைப் புரதம் கட்டப்படும் இடத்துக்கு எடுத்துச் செல்வது தூது ஆர்என்ஏ. அது பெரும்பாலும் ஆயிரம் நியூக்ளியோட்டைடுகளுக்கு, அதாவது ஆயிரம் ஆர்என்ஏ எழுத்துகளுக்கு, மேல் நீளும். தாவரங்களில் சிறு ஆர்என்ஏ என்று நாம் பேசுவது பெரும்பாலும் 20 முதல் 24 நியூக்ளியோட்டைடு நீளம் மட்டுமே உள்ளது. அதிலிருந்து எந்தப் புரதமும் உருவாவதில்லை. எந்தத் தூது ஆர்என்ஏவை நிறுத்த வேண்டும் என்று அடையாளம் காட்டுவதே அதன் வேலை.

அளவு இவ்வளவு குறைவாக இருந்ததால் நெடுங்காலம் அது யார் கண்ணிலும் படவில்லை. 1993இல் ஒரு நுண்புழுவில் முதல் மைக்ரோ ஆர்என்ஏ கண்டறியப்பட்டது. 1999இல் ஹாமில்டனும் பால்கோம்பும் மரபணு அடக்கப்பட்ட தாவரங்களில் சுமார் 25 நியூக்ளியோட்டைடு நீள ஆர்என்ஏ இருப்பதைக் காட்டினார்கள். தாவரங்களின் சொந்த மைக்ரோ ஆர்என்ஏக்கள் 2002இல் வெளிச்சத்துக்கு வந்தன. இந்தத் துறைக்கு 2006இலும் 2024இலும் நோபல் பரிசு கிடைத்தது.

2. இத்தனை சிறிய மூலக்கூறு ஒரு மரபணுவை எப்படி அடக்குகிறது?

முதலில் இரட்டை இழை கொண்ட நீண்ட ஆர்என்ஏ உருவாகிறது. டைசர் வகை நொதிகள் அதைக் குறிப்பிட்ட அளவுத் துண்டுகளாக நறுக்குகின்றன. துண்டுகளின் முனை சிதையாமலிருக்க ஹென்1 என்ற நொதி அங்கே மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதியைச் சேர்க்கிறது. பிறகு இரண்டு இழைகளில் ஒன்று ஆர்கோனாட் என்ற புரதத்துக்குள் அமர்கிறது.

இப்போது ஆர்கோனாட்டுக்கு ஒரு வழிகாட்டி கிடைத்துவிட்டது. வழிகாட்டி இழையோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் தூது ஆர்என்ஏ எதிர்ப்பட்டால் ஆர்கோனாட் அதை வெட்டுகிறது, அல்லது அதிலிருந்து புரதம் உருவாவதைத் தடுக்கிறது. மரபணு அப்படியே இருக்கிறது. அதன் செய்தி மட்டும் போய்ச் சேருவதில்லை. 24 நியூக்ளியோட்டைடு நீளமுள்ள வகை வேறு வழியில் இயங்குகிறது: டிஎன்ஏவின் மீதே மெத்தில் குறிகளைப் பதித்து மரபணுவை அமைதியாக்குகிறது.

3. மைக்ரோ ஆர்என்ஏ, எஸ்ஐ ஆர்என்ஏ என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?

வேலை ஏறக்குறைய ஒன்று, பிறப்பு வேறு. மைக்ரோ ஆர்என்ஏவுக்குச் செடியின் மரபுத்தொகுதியில் தனி மரபணு உண்டு. அதிலிருந்து வரும் ஒற்றை இழை தன்மேலேயே மடிந்து இரட்டையாகிறது. எஸ்ஐ ஆர்என்ஏ இரண்டு தனி இழைகள் முழுதாகப் பொருந்தி உண்டான நீண்ட இரட்டை இழையிலிருந்து வருகிறது. மைக்ரோ ஆர்என்ஏக்களுக்கு எண்ணால் பெயரிடுவது வழக்கம். இங்கே அவற்றை மிர்-393, மிர்-482 என்று எழுதுகிறேன்.

4. இது வைரஸுக்கு எதிரான ஏற்பாடு என்றுதானே படித்தோம்? பாக்டீரியாவுக்கு இதில் என்ன வேலை?

நியாயமான சந்தேகம். வைரஸ் செல்லுக்குள் நுழைந்து தன் ஆர்என்ஏவை அங்கேயே பெருக்குகிறது. டைசர் அந்த ஆர்என்ஏவையே நறுக்க முடியும். நறுக்கிய துண்டுகளே வைரஸைத் தேடி வெட்டும். எனவே அங்கே சிறு ஆர்என்ஏ எதிரியை நேரடியாகத் தாக்குகிறது.

இங்கு நாம் பேசும் பாக்டீரியாக்கள் செடியின் செல்லுக்குள் போவதில்லை. அவை செல்களுக்கு இடையிலான வெளியிலோ நீர் ஏறும் குழாய்களிலோ வாழ்கின்றன. அவற்றின் ஆர்என்ஏ செடியின் டைசரிடம் சிக்குவதில்லை. அதனால் பாக்டீரியா நோயில் சிறு ஆர்என்ஏ பெரும்பாலும் செடியின் சொந்த மரபணுக்களைக் கூட்டியும் குறைத்தும் வைக்கும் வேலையைச் செய்கிறது. சிறு ஆர்என்ஏ கிருமியைக் கொல்லும் மருந்து என்று நினைத்துக்கொண்டு படித்தால் இனி வரும் பதில்களில் பாதி புரியாது. செடி தன்னைத் தானே ஆளும் முறை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பாக்டீரியா வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் சிறு ஆர்என்ஏ என்ன செய்கிறது? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

இத்துறையைத் திறந்துவைத்த உதாரணத்தையே சொல்கிறேன். பாக்டீரியா நீந்த உதவும் கசையிழை ஃபிளாஜெலின் என்ற புரதத்தால் ஆனது. அதில் 22 அமினோ அமிலம் கொண்ட ஒரு பகுதியைச் செடியின் எஃப்எல்எஸ்2 என்ற ஏற்பி கண்டுகொள்கிறது. 2006இல் நவாரோவும் அவரது குழுவினரும், ஆய்வுக்கூடங்களில் மாதிரியாக வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் அந்தத் துண்டை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மிர்-393இன் அளவு கூடியது. அது ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை உணரும் டிஐஆர்1 முதலிய ஏற்பிகளின் தூது ஆர்என்ஏக்களை வெட்டியது. மிர்-393ஐ மிகுதியாக உருவாக்கும்படி மாற்றிய செடிகளில் சூடோமோனாஸ் சிரிஞ்சே பாக்டீரியாவின் பெருக்கம் குறைந்தது.

ஆக்சினைக் குறைத்தால் நோய் ஏன் குறைய வேண்டும்? ஆக்சினும் பாதுகாப்பு ஹார்மோனான சாலிசிலிக் அமிலமும் ஒன்றையொன்று அமுக்குகின்றன. ஆக்சின் மேலோங்கினால் பாதுகாப்பு தளர்கிறது. பல பாக்டீரியாக்கள் தாமே ஆக்சினைச் சுரப்பதற்கும், செடியின் ஆக்சின் செயல்பாட்டைத் தூண்டுவதற்கும் இது ஒரு காரணம். செடி வளர்ச்சியைச் சற்று ஒதுக்கிவைத்துப் பாதுகாப்புக்குத் திரும்புவதற்கு மிர்-393 வழிவிடுகிறது.

கதை இதோடு முடியவில்லை. இரண்டாம் பதிலில் இரட்டை இழையில் ஒன்று மட்டும் ஆர்கோனாட்டுக்குள் அமரும் என்றேன். மற்றதைக் கழிவு என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 2011இல் மிர்-393இன் அந்த மறு இழையும் வேலை செய்வது தெரிந்தது. அது ஆர்கோனாட்-2 என்ற வேறொரு புரதத்தில் அமர்ந்து, செல்லின் சரக்குப் போக்குவரத்தைச் சார்ந்த எம்இஎம்பி12 மரபணுவை அடக்குகிறது. விளைவாகப் பிஆர்1 என்ற பாதுகாப்புப் புரதம் செல்லுக்கு வெளியே அதிகமாகச் செல்கிறது. ஒரே முன்னோடி மூலக்கூறின் இரண்டு இழைகளும் இரண்டு வழியில் ஒரே பாக்டீரியாவை எதிர்க்கின்றன. எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு வியப்புக் குறையாத இடம் இது.

6. அப்படியானால் நோய் வரும்போது எல்லாச் சிறு ஆர்என்ஏக்களும் கூடுமா?

இல்லை. சில கூடும், சில குறையும், இரண்டுமே பாதுகாப்புதான். அதே ஃபிளாஜெலின் துண்டைக் கொடுத்தபோது மிர்-160 கூடியது, மிர்-398உம் மிர்-773உம் குறைந்தன. மிர்-160ஐ மிகுதியாக்கிய செடிகளில் செல்சுவரைத் தடிமனாக்கும் காலோஸ் அதிகம் படிந்தது. மற்ற இரண்டையும் மிகுதியாக்கியபோது காலோஸ் குறைந்து பாக்டீரியா எளிதில் பெருகியது. மிர்-398இன் இலக்குகளில் தாமிரத்தைக் கொண்டு இயங்கும் சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் நொதிகள் அடங்கும். தாக்குதலின்போது எழும் வினைமிகு ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கையாள்பவை அவை.

7. நோய் எதிர்ப்பு மரபணுக்களையே செடி சிறு ஆர்என்ஏவால் அடக்கிவைக்கிறதாமே! இது தன் கையாலேயே தன்னைக் குத்திக்கொள்வது அல்லவா?

கேட்கும்போது அப்படித்தான் தோன்றும். தக்காளி, உருளைக்கிழங்கு முதலான பயிர்களில் மிர்-482 என்ற குடும்பம் இருக்கிறது. அது குறிவைப்பது என்பிஎஸ்-எல்ஆர்ஆர் எனப்படும் எதிர்ப்பு மரபணுக்களை. நோய்க்கிருமி செல்லுக்குள் செலுத்தும் புரதங்களைக் கண்டுபிடிக்கும் காவல் மரபணுக்கள் இவை. ஒரு செடியில் இவை நூற்றுக்கணக்கில் இருக்கும். மிர்-482 பெரும்பாலும் 22 நியூக்ளியோட்டைடு நீளமுள்ளது. இந்த நீளத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு: வெட்டிய தூது ஆர்என்ஏ வீணாகாமல் மீண்டும் இரட்டை இழையாகி, இரண்டாம் தலைமுறைச் சிறு ஆர்என்ஏக்களைப் பிறப்பிக்கிறது. அவை ஒத்த வரிசையுள்ள மற்ற எதிர்ப்பு மரபணுக்களையும் அடக்குகின்றன. மிகச் சில மைக்ரோ ஆர்என்ஏக்களால் ஒரு பெரிய குடும்பத்தையே பிடித்துவைக்க முடிகிறது.

காரணம், இந்த மரபணுக்கள் அளவுக்கு மீறி இயங்கினால் நோயே இல்லாதபோதும் செல்கள் சாகத் தொடங்கும், செடி குன்றும். ஆகவே இது குதிரைக்குப் போட்ட கடிவாளம். குதிரையைக் கொல்வதற்கு அல்ல. பாக்டீரியாவோ வைரஸோ தாக்கும்போது மிர்-482இன் பிடி தளர்கிறது, எதிர்ப்பு மரபணுக்களின் அளவு உயர்கிறது. தக்காளியில் 2012இல் இது காட்டப்பட்டது. அராபிடாப்சிஸில் மிர்-472 இதே போன்ற பொறுப்பில் இருக்கிறது.

இதைப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு 2019இல் ஒரு விடை வந்தது. மிர்-482 குடும்பத்தைப் பிடித்துக்கொள்ளும் போலி இலக்கு ஆர்என்ஏவைத் தக்காளியில் உருவாக்கினார்கள். அந்தச் செடிகள் சூடோமோனாஸ் சிரிஞ்சேவையும், பாக்டீரியா அல்லாத பின்கருகல் நோய்க்கிருமியையும் முன்னைவிட நன்றாகத் தாங்கின. ஒரே தளர்த்தலில் இரண்டு வேறுபட்ட எதிரிகளுக்கு எதிராகப் பலன் கிடைத்தது என்பதே இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

8. செடி இவ்வளவு செய்யும்போது பாக்டீரியா கைகட்டி நிற்குமா?

நிற்காது. பாக்டீரியாக்களிடம் மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு என்ற ஊசி போன்ற கருவி இருக்கிறது. அதன் வழியாகப் புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகின்றன. 2008இல் அவற்றில் சில, சிறு ஆர்என்ஏ வழித்தடத்தையே கெடுப்பது தெரிந்தது. ஏவிஆர்பிடோ, ஏவிஆர்பிடோபி ஆகிய புரதங்கள் மிர்-393 உருவாவதைத் தடுக்கின்றன. ஹாப்டி1-1 என்ற புரதம் ஆர்கோனாட்-1இன் செயலை முடக்குகிறது.

அதே ஆய்வின் மறுபக்கம் இன்னும் தெளிவானது. மைக்ரோ ஆர்என்ஏ உருவாக்கும் திறன் குறைந்த செடிகளில், ஊசிக் கருவி இல்லாத சூடோமோனாஸும் பெருகியது. செடியில் நோய் உண்டாக்காத ஈ.கோலை கூடப் பெருகியது. சாதாரணச் செடிக்குள் இவற்றால் காலூன்ற முடியாது. பயிர்கள் தினமும் எண்ணற்ற பாக்டீரியாக்களின் நடுவே நோயின்றி நிற்பதில் சிறு ஆர்என்ஏக்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

9. அராபிடாப்சிஸ், தக்காளி சரி. நெல்லில் என்ன தெரியும்? விளைச்சல் குறையாதா?

நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் சாந்தோமோனாஸ் ஒரைசேயால் வருகிறது. நெல்லில் மிர்-156 என்ற மைக்ரோ ஆர்என்ஏ ஓஎஸ்எஸ்பிஎல்14 என்ற மரபணுவை அடக்குகிறது. அந்த மரபணு ஐபிஏ1 என்ற பெயரில் வேறொரு காரணத்துக்காகப் புகழ்பெற்றது: மிர்-156 பொருந்தும் இடத்தில் ஓரெழுத்து மாறிய நெல் வகைகளில் தூர்கள் குறைந்து, தண்டு வலுத்து, கதிரில் மணிகள் கூடுவதை 2010இல் கண்டார்கள். பின்னர், மிர்-156ஐக் குறைத்தாலோ எஸ்பிஎல்14ஐ உயர்த்தினாலோ இலைக்கருகலுக்கு எதிர்ப்பு கூடுவதும் தெரியவந்தது.

ஆனால் எஸ்பிஎல்14ஐ எப்போதும் அதிகமாக வைத்தால் விளைச்சல் குறைந்தது. உங்கள் அச்சம் சரி. 2019இல் வெளியான தீர்வு அழகானது. நோய்க்கிருமி தாக்கும்போது தூண்டப்படும் ஓஎஸ்ஹென்1 மரபணுவின் முன்பகுதியை, அதாவது மரபணு எப்போது இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதியை, எடுத்து எஸ்பிஎல்14உடன் இணைத்தார்கள். ஹென்1 யார் என்பது இரண்டாம் பதிலில் இருக்கிறது. தாக்குதலின்போது மட்டும் எஸ்பிஎல்14 உயர்ந்தது. நோய் எதிர்ப்பும் விளைச்சலும் சேர்ந்தே கூடின. எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே இங்கே முடிவைத் தீர்மானித்தது.

10. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களின் பச்சையாதல் நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத வழியில். இந்த நோயின் பாக்டீரியா உணவு கடத்தும் புளோயம் திசுவின் செல்களுக்குள்ளேயே வாழ்வதால், நான்காம் பதிலில் சொன்ன பொதுவிதிக்கு இது விலக்கு. நோயுற்ற மரங்களில் மிர்-399 கூடுவதை 2013இல் வெளியான ஆய்வு கண்டது. மிர்-399 வழக்கமாகப் பாஸ்பரஸ் பற்றாக்குறையில் கூடுவது. பார்த்தால் நோயுற்ற மரங்களில் உண்மையிலேயே பாஸ்பரஸ் குறைந்திருந்தது. பாஸ்பரஸ் உப்புக் கரைசலைக் கொடுத்தபோது மூன்றாண்டு வயல்சோதனையில் நோய் அறிகுறிகள் தணிந்தன, காய்ப்பும் மேம்பட்டது. நோய் அழியவில்லை, மரம் தாங்கும் சக்தி பெற்றது. சிறு ஆர்என்ஏவை மாற்றாமல், அது சொன்ன குறிப்பைக் கேட்டு நடந்ததால் வந்த பயன் இது.

11. பாக்டீரியாவின் மரபணுவையே செடி அடக்கிய உதாரணம் ஒன்றுகூட இல்லையா?

அக்ரோபாக்டீரியம் இருக்கிறது. இது தன் டிஎன்ஏவின் ஒரு பகுதியைச் செடியின் மரபுத்தொகுதிக்குள் நுழைத்துக் கழலை உண்டாக்குகிறது. கழலையை வளர்க்கும் ஐஏஏஎம், ஐபிடி மரபணுக்கள் பாக்டீரியாவினுடையவை; ஆனால் அவை இயங்குவது செடியின் செல்லுக்குள். அங்கே அவற்றின் தூது ஆர்என்ஏ ஆர்கோனாட்டுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. 2001இல் இவ்விரண்டையும் அடக்கும் இரட்டை இழை ஆர்என்ஏவைச் செடிகளில் உருவாக்கியபோது, அராபிடாப்சிஸிலும் தக்காளியிலும் கழலை பெரிதும் தடைபட்டது. நான்காம் பதிலின் விதியை இது மீறவில்லை, உறுதிதான் செய்கிறது.

12. செடியின் சிறு ஆர்என்ஏ வெளியே போய்ப் பாக்டீரியாவுக்குள் நுழைந்து வேலை செய்யும் என்று படித்தேன். உண்மையா?

பூஞ்சைகளில் இது நன்கு நிறுவப்பட்டது. பூஞ்சைக்கு டைசரும் ஆர்கோனாட்டும் உண்டு. சாம்பல் அழுகல் பூஞ்சை தன் சிறு ஆர்என்ஏவைச் செடிக்குள் அனுப்பி, செடியின் ஆர்கோனாட்டையே பயன்படுத்தி அதன் பாதுகாப்பை அடக்குவது 2013இல் தெரிந்தது. செடியும் பூஞ்சைக்கு அனுப்புகிறது. பாக்டீரியாவில் அத்தகைய இயந்திரம் இல்லை. சூடோமோனாஸின் நோயூட்டும் மரபணுக்களைக் குறிவைத்த சிறு ஆர்என்ஏக்களைச் செடியில் உருவாக்கி, நோய் குறைந்ததாக ஆய்வு முடிவுகள் வந்துள்ளன. ஆனால் அவை பாக்டீரியாவுக்குள் எதைப் பற்றிக்கொண்டு இயங்குகின்றன என்பது தெளிவாகவில்லை. இதன்மேல் பயிர்ப் பாதுகாப்பைக் கட்டும் காலம் வரவில்லை என்பது என் கருத்து.

எதிர்த்திசைக்கு உறுதியான சான்று உண்டு. சோயா வேரில் முடிச்சு அமைக்கும் ரைசோபியம் பாக்டீரியாவின் டிஆர்என்ஏ (புரதம் கட்ட அமினோ அமிலங்களைக் கொண்டுவரும் ஆர்என்ஏ) துண்டுகள் சோயாவின் ஆர்கோனாட்-1இல் ஏறி, முடிச்சைத் தடுக்கும் மரபணுக்களை அடக்குவதை 2019இல் காட்டினார்கள். அது நன்மை செய்யும் பாக்டீரியா என்பதை நினைவில் வையுங்கள்.

13. பாக்டீரியாவுக்கும் சொந்தமாகச் சிறு ஆர்என்ஏ உண்டு என்கிறார்களே?

உண்டு, பெயர் ஒன்று, ஆள் வேறு. அவை பொதுவாக 50 முதல் 500 நியூக்ளியோட்டைடு நீளமுள்ளவை. டைசர் இல்லாமல் உருவாகி, பலவேளை ஹெச்எஃப்க்யூ என்ற புரதத்தின் துணையோடு பாக்டீரியாவின் சொந்த மரபணுக்களைச் சீராக்குகின்றன. சில நோயூட்டும் திறனையும் பாதிக்கின்றன. கட்டுரை வாசிக்கும்போது எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

14. இரட்டை இழை ஆர்என்ஏவை மருந்துபோல இலையில் தெளிக்கலாமா?

பூச்சிக்குத் தெளிக்கும் காலம் வந்துவிட்டது. உருளைக்கிழங்கை அழிக்கும் கொலராடோ வண்டுக்கு எதிரான லெட்புரோனா என்ற தெளிப்புக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 டிசம்பரில் அனுமதி அளித்தது. வண்டு அதைத் தின்கிறது, வண்டின் செல்கள் நறுக்குகின்றன, வண்டின் மரபணு அடங்குகிறது.

பாக்டீரியாவுக்கு இதே வழி பலிக்காது. காரணம் பன்னிரண்டாம் பதிலில். போதாததற்கு, பாக்டீரியாக்களில் இரட்டை இழை ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் III நொதி உண்டு. தெளிப்பால் செடியின் சொந்த மரபணுவை, அதாவது பாக்டீரியா சாதகமாக்கிக்கொள்ளும் மரபணுவை, அடக்கலாம் என்பது ஒரு சிந்தனை. அதற்கு ஆர்என்ஏ செல்சுவரைக் கடந்து உள்ளே போதிய அளவு சேர வேண்டும். அதுவே இன்றைய பெருந்தடை.

15. இதுவும் கிரிஸ்பர் மரபணுத் திருத்தமும் ஒன்றுதானா?

இல்லை. கிரிஸ்பரிலும் சுமார் 20 நியூக்ளியோட்டைடு நீள வழிகாட்டிப் பகுதி இருப்பதால் குழப்பம் வருகிறது. கிரிஸ்பர் டிஎன்ஏவை வெட்டுகிறது, மாற்றம் விதை வழியே தொடரும். சிறு ஆர்என்ஏ செய்தியை வெட்டுகிறது, அளவு குறைந்ததும் மரபணு பழையபடி இயங்கும். இரண்டையும் இணைக்கவும் முடியும்: மைக்ரோ ஆர்என்ஏவின் மரபணுவையோ, இலக்கில் அது பொருந்தும் இடத்தையோ கிரிஸ்பரால் திருத்தலாம். ஒன்பதாம் பதிலில் சொன்ன ஓரெழுத்து மாற்றம் இயற்கையே செய்த அப்படிப்பட்ட திருத்தம்.

16. இப்படிப்பட்ட பயிரை உண்டால் நம் மரபணுக்கள் அடங்கிவிடுமா?

நாம் உண்ணும் ஒவ்வொரு காயிலும் கீரையிலும் சிறு ஆர்என்ஏக்கள் ஏராளமாக இருக்கின்றன. அவை குடலில் பெரும்பாலும் சிதைந்துவிடுகின்றன. 2012இல் அரிசியின் மிர்-168 உண்டவர் இரத்தத்தில் இருந்து வேலை செய்வதாக ஓர் ஆய்வு கூறியது. பின்னர் பிறர் செய்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. புதிய ஒவ்வொரு வரிசையும் மனித மரபணு எதனோடும் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

17. என் வயலில் இப்போதே வாடல் இருக்கிறது. இதெல்லாம் இன்று எனக்கு எதற்கு உதவும்?

நேரடியாக இன்று உதவாது. ராலஸ்டோனியா என்ற பாக்டீரியாவால் வரும் வாடலுக்கு நோய் தாங்கும் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டிய நாற்று, பயிர்ச் சுழற்சி, நீர் தேங்காத நிலம். நெல் இலைக்கருகலுக்கு எக்ஸ்ஏ21 போன்ற எதிர்ப்பு மரபணு கொண்ட ரகம், சுத்தமான விதை, அளவோடு தழைச்சத்து. இவையே கைக்கு எட்டும் வழிகள். ஆர்என்ஏ என்று பெயர் சூட்டிப் பாக்டீரியா நோய்க்கு யாராவது பாட்டில் விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

18. "நோயுற்ற செடியில் இந்த மைக்ரோ ஆர்என்ஏ கூடியது, ஆகவே எதிர்ப்பு தருகிறது" என்று ஆய்வில் எழுதலாமா?

எழுதக்கூடாது. ஆய்வு மாணவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. கூடியது செடியின் பதில் நடவடிக்கையாக இருக்கலாம்; பாக்டீரியா தனக்காகக் கூட்டியதாக இருக்கலாம்; மிர்-399 போலச் சத்துக் குறைவின் அறிகுறியாகவும் இருக்கலாம். இலக்குத் தூது ஆர்என்ஏ உண்மையில் வெட்டுப்படுகிறதா என்று வெட்டுத் துண்டுகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். மைக்ரோ ஆர்என்ஏவைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு வகைச் செடி உருவாக்குங்கள். அது பொருந்த முடியாதபடி இலக்கை மாற்றிய மூன்றாவது செடியும் வேண்டும். மூன்றிலும் இலைக்குள் வாழும் பாக்டீரியாவை எண்ணுங்கள். இலை மஞ்சளானதை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

அதன்பின் அதே செடிகளை ஒரு பூஞ்சைக்கும் காட்டுங்கள். மிர்-393 மிகுந்த அராபிடாப்சிஸ், இலைத் திசுவைக் கொன்று உண்ணும் ஆல்டர்னேரியா பூஞ்சைக்கு முன்னைவிட எளிதில் இரையானது.